இருபத்தொரு புள்ளி

நியூஜேர்சியில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு வரும் தாய் தகப்பன்மார், பிள்ளைக்கு ஒரு 'பி' விழுந்தால் பிறின்ஸ்ரன் போச்சு என்று கவலைப்படுகிறார்கள். அங்கே கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் பார்ப்பார்கள். இலங்கையில் எங்களுக்குப் பரீட்சைப் புள்ளி ஒன்றுதான் வழி.

1971இல் அந்த வழியையும் மொழிவாரியாகப் பிரித்தார்கள். நான்கு பாடங்களுக்கு 400 புள்ளி. மருத்துவபீடத்துக்குச் சிங்களமொழி மாணவருக்கு 229 போதும்; தமிழ்மொழி மாணவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. 249 எடுத்த தமிழ்ப்பிள்ளை வீட்டிலிருந்தது.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. அதனால் மன்னார், வவுனியாப் பிள்ளைகள் சிலருக்கும் இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தார் நாங்கள் இதைப் பேசுவது குறைவு.