உப்புக் கல்லும் ராமச்சந்திரன் வரைபடமும்

போன மாசியில் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போயிருந்தேன். ஈசிஆர் ஓரமாகப் பாத்தி பாத்தியாக உப்பு வாரிக் குவித்திருந்தார்கள். கூட வந்த தங்கை மகன், பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், ஒரு கல் உப்பை உருட்டிக்கொண்டே கேட்டான்: "மாமா, நம்ம ஜி.என்.ராமச்சந்திரனோட கண்டுபிடிப்ப கிரிக் பறிச்சிட்டாராமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு."

பல வருஷம் நானும் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுசாகப் படித்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். நிஜத்தில் நடந்தது இதைவிட நல்ல கதை.

அவன் கையிலிருந்த உப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். எக்ஸ் கதிரைக் கொண்டு அணுக்களின் அடுக்கை முதன்முதலில் கண்டறிந்த பொருட்களில் சாப்பாட்டு உப்பும் ஒன்று. 1913இல் பிராக் செய்தது. உப்பில் ஒரே அடுக்குதான் திரும்பத் திரும்ப வரும். புரதம் அப்படியல்ல. ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த சங்கிலி, தனக்குத்தானே மடங்கிக் கிடக்கும்.

சி.வி.ராமனின் மாணவரான ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. அங்கே வந்துபோன பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் அது. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கோபிநாத் கர்த்தாவும் அவரும் கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்து வேலை செய்தார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முக்கியமான துப்பு. மூன்று சங்கிலிகள் சேர்ந்து நின்றால் நடுவில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சின்னதான கிளைசின்தான் அங்கே அடங்கும். 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பு வெளியானது. மூன்றும் ஒன்றையொன்று கயிறு போலச் சுற்றி முறுக்கியிருக்கும் என்ற திருத்தம் 1955இல் வந்தது.

அதே ஆண்டு ரிச்சும் கிரிக்கும் மறுப்பு எழுதினார்கள். மூன்று இழை சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டல்ல, ஒரு ஹைட்ரஜன் பிணைப்புதான் இருக்க முடியும் என்றார்கள். ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பிணைப்பு விஷயத்தில் பின்னால் நிலைத்தது அவர்கள் சொன்னதுதான். முச்சுருளை முதலில் சொன்ன பெருமை சென்னைக்கு. இரண்டுமே உண்மை.

"அளவுக்கு மீறி" என்றால் எந்த அளவு? அதற்குத் திட்டமான கணக்கு யாரிடமும் இல்லை. ராமச்சந்திரன் குழு அங்கேதான் கை வைத்தது. அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, எந்த அணு எந்த அணுவிடம் எவ்வளவு நெருங்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். அப்புறம் கேள்வியைப் பெரிதாக்கினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகச் சுழலக்கூடியவை இரண்டு கோணங்கள்: ஃபை, சை. எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எதில் முட்டாது? சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரும் உடன் உழைத்தார்கள். 1963இல் வந்த அந்தக் கட்டுரையின் பலன்தான் இன்று உலகம் முழுக்க 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று சொல்லப்படுவது. அதில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட இடம். சங்கிலி போகக்கூடியது சில தீவுகளுக்குள் மட்டும்தான்.

கணினியில் மருந்து தேடுகிறவர்களுக்கு இது தினசரிச் சோதனை. புரதத்தின் பள்ளத்தில் ஒரு மூலக்கூறு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் புரத மாதிரியே சரியா என்று தெரிய வேண்டும். சங்கிலி தப்பாக மடங்கியிருந்தால், இல்லாத பூட்டுக்குச் சாவி செய்த கதைதான். உலகப் புரதத் தரவு வங்கியின் சரிபார்ப்பு அறிக்கையில், இந்த வரைபடத்துக்கு வெளியே விழுந்த கண்ணிகள் எத்தனை என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். 2024இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆல்ஃபாஃபோல்டின் மாதிரிகளையும் இதே வரைபடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2001இல் சென்னையில் காலமானார். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் குறை சொன்னவர்களோடு மல்லுக்கட்டியதோடு நின்றிருந்தால், முச்சுருள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்த ஃபார்வர்ட்ட அழிச்சிரவா மாமா?" என்றான்.

"அழிக்காதடா. யார் அனுப்புனாங்களோ அவங்களுக்கே இதை எழுதி அனுப்பு" என்றேன்.