பகிர்வோன் பிழையும் பந்தய நீதியும்

சூதாட்டத்தை அறநூல்கள் நோக்கிய முறை வேறு; சட்டம் நோக்கிய முறை வேறு. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கி, அதனைச் செல்வத்தையும் சிறப்பையும் ஒருங்கே அழிக்கும் தீமையாகக் கண்டது. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் சூதாட்டம் அரசின் அனுமதியோடும் வரியோடும் நடைபெறும் பெருந்தொழிலாக மாறியபோது, ஆடுவது தகுமா என்ற பழைய வினாவுக்கு அருகே புதியதொரு வினாவும் எழுந்தது. ஆட்டத்தை நடத்துபவனே தவறிழைப்பின், அத்தவறின் பயனும் நட்டமும் யாரைச் சாரும்? சிறியதெனத் தோன்றும் இவ்வினாவுக்கு நெவாடா, நியூ ஜேர்சி, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களில் கிடைத்த விடைகள், வலியோருக்கும் எளியோருக்கும் இடையிலான ஒப்பந்தங்களில் நீதி எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காட்டுவனவாக உள்ளன.

பிளக்ஜக் எனப்படும் சீட்டாட்டம் இருபத்தொன்று என்ற எண்ணை மையமாகக் கொண்டது. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக்கள் வழங்கப்படும். சூதாட்ட விடுதியின் ஊழியனாகிய பகிர்வோன் தனக்கும் இரண்டு சீட்டுக்களை எடுத்து, ஒன்றை முகம் தெரியவும் மற்றதை முகம் மறையவும் வைப்பான். இருபத்தொன்றைத் தாண்டாது பகிர்வோனை விஞ்சுபவர் வெல்வர். ஆடுபவர் தம் விருப்பப்படி மேலும் சீட்டு வாங்கலாம். பகிர்வோனுக்கு அவ்வுரிமை இல்லை. பதினாறு வரை அவன் வாங்கியே ஆகவேண்டும். பொதுவாகப் பதினேழை அடைந்ததும் நிறுத்தியே ஆகவேண்டும். எனவே அவன் முடிவெடுப்பவன் அல்லன்; விதியை நிறைவேற்றுபவன் மட்டுமே. அவனது பிழை தீர்மானத்தின் பிழையன்று. கையின் பிழை, கணக்கின் பிழை, கவனத்தின் பிழை.

இப்பிழைகள் விடுதிகளுக்கு ஏன் பெரும் பொருட்டாயின என்பது ஆட்டத்தின் கணிதத்தை நோக்கின் விளங்கும். 1956இல் போல்ட்வின் முதலான நால்வர் அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சஞ்சிகையொன்றில் இவ்வாட்டத்துக்கான சிறந்த உத்தியைக் கணித்து வெளியிட்டனர். 1962இல் கணிதவியலாளர் எட்வேட் தோர்ப், வெளிவந்த சீட்டுக்களை நினைவிற் கொள்பவர் விடுதியையே விஞ்சலாம் எனத் தம் நூலில் நிறுவினார். இவ்வாய்வுகளின் பின், நல்ல உத்தியோடு ஆடுபவரிடம் விடுதிக்குள்ள சாதகம் அக்கால விதிகளின்படி நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு என்பது தெளிவாயிற்று. அதாவது, ஒரே அளவான நூறு பந்தயங்களில் விடுதி எதிர்பார்க்கும் ஆதாயம் ஒரு பந்தயத் தொகையை எட்டுவதில்லை. சமநிலையில் முடிந்த ஓர் ஆட்டத்தை வெற்றியெனக் கருதிப் பகிர்வோன் ஒருமுறை பணம் கொடுத்துவிட்டால், அந்நூறு ஆட்டங்களின் ஆதாயம் முழுவதும் அழிந்துவிடும்.

எனவே பிழையைத் தடுப்பதற்கும் திருத்துவதற்கும் விடுதிகள் நுணுக்கமான ஒழுங்குகளை வகுத்தன. தவறு நேர்ந்ததும் பகிர்வோன் தானாக எதனையும் மாற்றாது, கையை நிறுத்தி மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். முடிந்த ஆட்டத்தின் சீட்டுக்கள் ஒழுங்கு குலையாமல் எடுத்து அடுக்கப்படுவதால், ஐயம் எழுமிடத்து அவற்றை மீளப் பரப்பி நடந்ததை அறியலாம். மேலே பொருத்தப்பட்ட கமராக்கள் இரண்டாவது சாட்சியாகின்றன. நியூ ஜேர்சி அரசு இதனை விடுதிகளின் விருப்பத்துக்கு விடாது விதிகளாகவே இயற்றியது. அவ்விதிகளின்படி, சீட்டுப் பெட்டியினுள் முகம் மேலாகக் கிடந்த சீட்டு ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். பதினேழை அடைந்த பகிர்வோன் தவறுதலாக எடுத்த சீட்டும் நீக்கப்படும். தவறாக எடுக்கப்பட்டு முகம் வெளிப்பட்ட சீட்டை ஆடுபவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மறுத்தவர் அச்சுற்றில் மேலும் சீட்டு வாங்க இயலாது. பிழையினால் எவரும் வலிந்து பயனடையாதிருக்க வேண்டும் என்ற கொள்கை இவற்றில் இழையோடுவதைக் காணலாம்.

விதிகளுக்கு அடங்காத பிணக்குகள் வேறொரு வரலாற்றையுடையன. நெவாடாவில் 1931இல் சூதாட்டம் சட்டபூர்வமாக்கப்பட்ட போதும், சூதாட்டக் கடனை நீதிமன்றத்தின் வழி அறவிடமுடியாது என்ற ஆங்கிலேயக் கொள்கை அங்கு நெடுங்காலம் நிலைத்திருந்தது. அன் அரசியின் காலத்து 1710ஆம் ஆண்டுச் சட்டத்தை மூலமாகக் கொண்ட அக்கொள்கை தளர்ந்து, விடுதிகள் பெறும் கடன்பத்திரங்கள் சட்டவலுப் பெற்றது 1983இலேயே ஆகும். ஆடுபவரின் முறைப்பாடுகளோ அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முன் செல்லவேண்டியனவாயின. 500 டொலரும் அதற்கு மேலுமான பிணக்கு தீராவிடில் விடுதியே சபைக்கு உடன் அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

இவையெல்லாம் பிழையென இருதரப்பும் அறிந்தவற்றுக்கே பொருந்தும். பகிர்வோன் அறியாத பிழையை ஆடுபவர் மட்டும் அறிந்து பயன்படுத்தினால் அது குற்றமா? 1983இல் நெவாடா உச்ச நீதிமன்றம் இவ்வினாவை எதிர்கொண்டது. கவனக்குறைவான பகிர்வோன் தன் மறைசீட்டை வைக்கும்போது அதன் முகம் வெளிப்படுவதைத் தம் இருக்கையிலிருந்து கண்ட ஒருவர், தம் கூட்டாளிக்குச் சைகை காட்டினார். கருவியெதனையும் அவர்கள் பயன்படுத்தவில்லை, சீட்டுக்களையும் தீண்டவில்லை. நெவாடாச் சட்டத்தின்படி ஏமாற்றுதல் என்பது ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் கூறுகளை மாற்றுதலாகும். கண்ணுக்குத் தானே வந்து வாய்த்ததைக் காண்பது எதனையும் மாற்றுவதன்று என்ற அடிப்படையில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஈராண்டுகளின் பின் 1985இல், ஆட்டத்தைக் கணிக்க உதவும் கருவிகளை அம்மாநிலம் தடைசெய்தமை, கண்ணுக்கும் கருவிக்கும் இடையே சட்டம் எல்லையிட விழைந்ததைக் காட்டுகின்றது.

ஆயினும் குற்றமற்றவர் என்பது வேறு, ஆட அனுமதிக்கப்படுபவர் என்பது வேறு. நெவாடா விடுதிகள் திறமையான ஆட்டக்காரரை வாயிலுக்கு வெளியே அனுப்பும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. நியூ ஜேர்சியில் இவ்வதிகாரம் கேள்விக்குள்ளாயிற்று. சீட்டுக்களை நினைவிற் கொண்டு ஆடியமைக்காக வெளியேற்றப்பட்ட கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில், ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் அரசின் ஆணைக்குழுவுக்கே உரியது. திறமையைக் காரணங்காட்டி ஒருவரை விலக்க விடுதிக்கு உரிமையில்லை என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

முப்பது ஆண்டுகளின் பின் அதே மாநிலத்தில் பிழை பேருருக் கொண்டது. 2012 ஏப்பிரலில் அற்லாண்டிக் சிற்றியின் கோல்டன் நகெற் விடுதியில், பிளக்ஜக்கைப் போன்றே பெட்டியிலிருந்து சீட்டுப் பகிரப்படும் பக்கரா மேசையொன்றுக்கு, முன்கூட்டியே கலைக்கப்பட்டனவாகக் கருதப்பட்ட சீட்டுக்கட்டுகள் கலைக்கப்படாமலே வந்துசேர்ந்தன. ஒரே வரிசை மீண்டும் மீண்டும் வருவதைக் கண்ட ஆட்டக்காரர் பந்தயத்தை உயர்த்தி, தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் வென்றனர். வெற்றித்தொகை 15 இலட்சம் டொலரைத் தாண்டியது. வழக்கு நீண்டு, கலைக்கப்படாத சீட்டுக்களால் நடந்த ஆட்டம் விதிகளுக்கு முரணானது. எனவே செல்லாதது என 2015இல் முடிந்தது. ஆட்டக்காரர் எதனையும் செய்யவில்லை, ஏமாற்றவுமில்லை. ஆயினும் பிழை விடுதியுடையதாக இருக்க, வெற்றி அவர்களுக்கு இல்லாது போயிற்று.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலண்டனின் குரொக்போட்ஸ் விடுதியில் நிகழ்ந்தது இதனின்று வேறுபட்டது. புன்டோ பாங்கோ என்ற பக்கரா வகை ஆட்டத்தில் பில் ஐவி ஏறத்தாழ 77 இலட்சம் பவுண் வென்றார். சீட்டுக்களின் பின்புறக் கோலம் இரு ஓரங்களிலும் சற்று வேறுபட்டிருந்தது. அதனை அறிந்த அவரும் உடனிருந்த பெண்மணியும், நற்சகுன நம்பிக்கை எனக் கூறி, உயர்ந்த மதிப்புடைய சீட்டுக்களை மட்டும் திருப்பி வைக்குமாறு பகிர்வோனைக் கேட்டனர். காரணம் அறியாத ஊழியர் இணங்கினார். விடுதி பணம் தர மறுத்தது. பந்தய ஒப்பந்தங்களுக்கு வலுவில்லை என்ற 1845ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாட்டை 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் நீக்கியிருந்தமையாலேயே ஐவி வழக்குத் தொடுக்க முடிந்தது. மேல் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்ற அவர், 2017 ஒக்டோபர் 25இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். தாம் ஏமாற்றவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. எனினும், ஏதுமறியாத ஊழியரின் கையையே கருவியாக்கிச் சீட்டுக்களை ஒழுங்குபடுத்தியமை ஏமாற்றுதலே என அது கொண்டது.

இத்தீர்ப்புகளை ஒருங்கே நோக்கின், கண்டெடுக்கப்பட்ட பிழைக்கும் உண்டாக்கப்பட்ட பிழைக்கும் இடையே சட்டம் ஒரு கோட்டை வரைந்துள்ளமை புலனாகும். 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அக்கோட்டின் இருபுறத்தும் நின்று ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பே இடறுகின்றது. மேசையும் சீட்டும் விதியும் கமராவும் வாயிலும் விடுதியின் வசமுள்ளன. ஆடுபவர் களைப்பினாலோ, விடுதியே இலவசமாக வழங்கும் மதுவினாலோ இழைக்கும் பிழையை விடுதி ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. பிழையைத் தடுக்கும் வழிகள் அனைத்தும் எவரிடம் உள்ளனவோ, பிறர் தூண்டாதவிடத்து அதன் நட்டத்தையும் அவரே ஏற்பதுதான் சமநீதியாகும்.

இவ்வழக்குகளில் எங்கும் தரப்பாக நிற்காத ஒருவனும் உளன். மணிக்கணக்காக நின்று, சிறு கூலியையும் ஆடுபவர் தரும் அன்பளிப்பையும் நம்பி வாழும் பகிர்வோனே அவன். கோடிகளைத் தீர்மானித்த பிழைகள் அவன் கையைத் தொட்டே நிகழ்ந்தன. அவன் குரலோ தீர்ப்புகளில் ஒலிக்கவில்லை. பிழையின் வரலாறு முழுமை பெற வேண்டுமாயின், அதனால் வென்றவரையும் தோற்றவரையும் போலவே, அதனை இழைத்த கையும் நினைக்கப்படல் வேண்டும்.