வெல் என்றால் கிணறு

இங்கிலீஷில் சொற்கள் எட்டு வகை என்பது இயற்கை விதி அல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், அலெக்ஸாண்டிரியாவில் ஹோமரைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் போட்ட கணக்கு அது. டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்கச் சிறுநூலில் எட்டு. அதில் அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, பெயருக்குள் அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. எட்டு ஏழாகிவிடக் கூடாதே என்று இன்டர்ஜெக்ஷனைத் தனி வகையாக்கி எண்ணிக்கையைக் காப்பாற்றினார்கள். 'ஐயோ'வுக்கு இலக்கணத்தில் ஆசனம் கிடைத்தது இப்படித்தான். 1795இல் லிண்ட்லி மர்ரே இங்கிலீஷுக்கு ஒன்பது என்றார். இந்தியக் கல்வித் துறையில் அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டும், பிறகு 1930களில் ரென்னும் மார்ட்டினும், ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவுக்குள் தள்ளி மறுபடியும் எட்டாக்கினார்கள். (இந்த ரென்தான் 'போ ஜெஸ்ட்' எழுதிய நாவலாசிரியர். நாவல் மறந்துவிட்டது, இலக்கணம் நிற்கிறது.) ஒரே சொல் வாக்கியத்தில் செய்யும் வேலைக்கேற்ப வகை மாறும் என்று ரென்னும் மார்ட்டினும் எழுதத்தான் செய்தார்கள். அந்தப் பகுதி மட்டும் வகுப்பறை வரை வந்து சேரவில்லை.

தொல்காப்பியர் அடிப்படையில் இரண்டே சொல்கிறார்: பெயர், வினை. இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றுபவை. யாஸ்கரின் நிருக்தத்திலும் நான்குதான், ஆனால் வேறு நான்கு. 1549 வாக்கில் முத்துக்குளித்துறையில் ஹென்றீக்கஸ் பாதிரியார் தமிழை லத்தீன், போர்த்துக்கீசிய அச்சில் ஊற்றிப் பார்த்ததிலிருந்து நமக்குப் பழைய நான்கோடு புதிய எட்டும் சேர்ந்துகொண்டது. 1856இல் கால்டுவெல் யோசித்தார்: திராவிட மொழிகளில் அட்ஜெக்டிவ் என்பது பெரும்பாலும் வேறொரு பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் பெயர்தானே என்று. சரியான சந்தேகம். நம் வாத்தியார்களோ சந்தேகமே இல்லாமல் உரிச்சொல்தான் அட்ஜெக்டிவ் என்று சொல்லிவிடுகிறார்கள். உறு, தவ, நனி மூன்றையும் எடுத்து வைத்தாலே இந்தச் சமன்பாடு ஆட்டம் காணும்.

கொல்லிமலை நாடு நாடாகப் பிரிந்த மலை. வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு. இந்த 'நாடு' பெயர். 'வைத்தியரை நாடு' என்றால் வினை. 'கரை'யும் அப்படியே: ஏரிக்கும் கரை உண்டு, வெல்லத்தையும் கரைக்கலாம். பெரக்கரை நாடு என்று தனியாக எழுதிக் கொடுத்து சொல்வகை கேட்டால், ஊரை அறிந்தவன்தான் பதில் சொல்ல முடியும்.

அந்த நாட்டிலிருந்து வங்கிக்கு வந்த ஒருவரோடு எட்டாவது படிக்கும் மகனும் வந்திருந்தான். பையில் பரீட்சைத் தாள். கேள்வியில் வாக்கியமே இல்லை. வரிசையாகச் சொற்கள் மட்டும். ரவுண்டு, வெல், ஸ்டில், ஃபாஸ்ட். 'வெல்'லுக்குப் பையன் நௌன் என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்து அட்வெர்ப் என்று திருத்தப்பட்டிருந்தது. அவனுக்கு வெல் என்றால் கிணறு. மிளகுக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைக்க அப்பா வெட்டிய கிணறு. அதற்கு வாங்கிய கடன் பத்திரத்தில் இங்கிலீஷில் அச்சாகியிருந்த சொல். அவன் அதை வாசித்திருக்கிறான். 'ரவுண்டு'ம் நௌன்: மலைக்கு பஸ் வந்துபோகும் ரவுண்டு. அதற்கும் அடி. சொல் நடமாடும் இடத்தைப் பார்த்து எழுதியவன் தோற்றான். பட்டியலை உருப்போட்டவன் ஜெயித்திருப்பான்.

அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரைஸ் 1952இல் இந்த எட்டையும் ஒதுக்கி வைத்தார். சுமார் ஐம்பது மணி நேரத் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து, எந்தச் சொல் வாக்கியத்தின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று மட்டும் பார்த்தார். நான்கு பெரிய வகைகள் தேறின. பெயர் வைக்கவில்லை, ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்தார். மீதியைப் பதினைந்து சிறு கூட்டங்களாக்கினார். தொல்காப்பியரின் நான்கும் இந்த நான்கும் ஒன்று என்று மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை, ஒன்றல்ல. ஆனால் சொல்லைத் தனியே பிடுங்கி வைத்து ஜாதி கேட்பதில்லை என்பதில் இருவரும் ஒரு பக்கம்.

இலக்கணம் தெரியாதவர்கள் என்று நாம் நினைப்பவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கௌன்ட்டரில் தினமும் கேட்கிறேன். இங்கிலீஷ் வினை எதுவும் தமிழ் வாயில் வினையாக நிற்பதில்லை. 'பாஸ்' வந்த உடனே பெயர் மாதிரி ஆகி, தனக்கு ஒரு தமிழ் வினையைத் தேடிக்கொள்கிறது. லோன் பாஸ் ஆச்சா? மேனேஜர் பாஸ் பண்ணிட்டாரா? 'டைட்' என்ற அட்ஜெக்டிவுக்கும் ஒரு வால் வேண்டும்: டைட்டான சட்டை, டைட்டா கட்டு. இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஒருவரும் தவறுவதுமில்லை. ஆச்சு என்றால் செய்தவர் பெயர் மறைந்துவிடும். பண்ணினார் என்றால் ஒருவர் மீது பொறுப்பு விழும்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அந்த அப்பா சொன்னார்: "பையன் இங்கிலீஷ்ல ஃபெயிலாயிட்டானுங்க சார்." ஃபெயில் பண்ணிட்டாங்க என்று அவர் சொல்லவில்லை.