'ஈசகோகே' பிறந்த கதை

கிரிசாவோரியஸ் ரோமாபுரியின் செனட்டர். அரிஸ்டாட்டிலின் 'பகுப்புகள்' நூல் கைக்கு வந்தது, படித்தார், பிடிபடவில்லை. கேட்டுத் தெளியலாமென்றால், ஆசிரியர் போர்ஃபிரி கடல் தாண்டி சிசிலியில் இருந்தார். கடிதம் போட்டார். பதிலாக ஒரு சின்னஞ்சிறு நூல் வந்தது. பிற்கால உரைகாரர் அம்மோனியஸ் சொல்லும் கதை இது. நூலின் பெயர் 'ஈசகோகே'. கிரேக்கத்தில் அறிமுகம் என்று பொருள். தருக்கம் படிக்க வந்தவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

போர்ஃபிரி தீரு பட்டணத்துக்காரர், கி.பி. 234 வாக்கில் பிறந்தவர். ரோமில் பிளோட்டினஸிடம் பயின்றுகொண்டிருந்தபோது உயிரை விட்டுவிடும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. குரு கண்டுகொண்டார். இது யோசித்து எடுத்த முடிவல்ல, மனச்சோர்வு என்ற நோய் செய்யும் வேலை என்று சொல்லி, ஊர் மாறச் சொன்னார். 268-இல் சிசிலிக்குப் போன சீடர் பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு சொல் அன்று வராதிருந்தால் இந்த நூலும் இல்லை.

ஐந்தே ஐந்து சொற்களை அது விளக்குகிறது. மனிதனை எடுத்துக்கொள்வோம். விலங்கு என்பது இனம். மனிதன் என்பது வகை. பகுத்தறிவு, மற்ற விலங்குகளிலிருந்து அவனைப் பிரிக்கும் வேறுபாடு. சிரிக்க முடிவது அவனுக்கே உரிய தன்மை. தூங்குவது வந்து போகும் தன்மை. காக்கையின் கறுப்போ அதை விட்டுப் போவதே இல்லை. ஆனாலும் வெள்ளைக் காக்கை ஒன்றை மனத்தில் நினைத்துப் பார்க்கலாம். அப்போதும் அது காக்கைதான். ஆகவே கறுப்பும் வந்து ஒட்டிய தன்மையே. எப்போதும் கூடவே இருப்பது வேறு, இல்லாமல் முடியாதது வேறு என்று பிரிக்கும் இந்த இடம்தான் எனக்கு நூலின் உயிர்.

அதே பிரித்தறியும் கண்ணோடு அவர் வேதநூல்களையும் பார்த்தார். கிறிஸ்தவர்களை மறுத்து 15 பாகங்களில் ஒரு நூல் எழுதினார். தானியேல் ஆகமம் பாபிலோனில் வாழ்ந்த தீர்க்கதரிசியின் வாக்கு என்று நம்பப்பட்டது. போர்ஃபிரி அதை வரலாற்றோடு வரிவரியாக ஒப்பிட்டார். அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் காலம் வரை சொன்னது அப்படியே பொருந்துகிறது. அதற்கு அப்பால் பொருந்தவில்லை. அப்படியானால் எழுதியவர் யூதேயாவில், அந்த அரசன் காலத்தில் வாழ்ந்தவர் என்றார். இன்றைய வரலாற்றாய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவும் இதுவே. கி.மு. 167-இல் அவன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது நூலில் தெரிகிறது. ஆனால் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரமடித்து அவன் முடிவு காண்பான் என்கிறது நூல். அவன் இறந்ததோ கி.மு. 164-இல் பாரசீகப் பக்கம். எழுதிய பேனா எங்கே நின்றது என்று இந்த இடைவெளியே காட்டிவிடுகிறது.

அந்த மறுப்பு நூலை அழிக்கப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். 448-இல் எரிக்கச் சொல்லி மறுபடியும் ஆணை வந்தது. முழுப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'ஈசகோகே'யை மட்டும் கிறிஸ்தவர்கள் கைவிடவில்லை. போயத்தியஸ் அதை லத்தீனில் பெயர்த்து இருமுறை உரை கண்டார். சிரியாக் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அது அரபியிலும் புகுந்தது.

தானியேல் பற்றிய வாதம் நம் கைக்கு வந்தது ஜெரோமால். 407-இல் தானியேலுக்கு உரை எழுதிய அவர், போர்ஃபிரியை மறுப்பதற்காக அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிவைத்தார்.