பிரான்சின் புலம்பெயர் முஸ்லிம் இளைஞர்களும் இலட்சியச் சமூகமும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா ஆகிய நாடுகளிலிருந்து பலர் பிரான்சில் தொழிலாளராகக் குடியேறினர். என்றேனும் தாயகம் திரும்புவதே அவர்களுள் பலரின் எண்ணம். அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கோ திரும்பிச் செல்ல வேறொரு நாடு இல்லை. அவ்விளைஞர்கள் வேண்டிய இலட்சியச் சமூகம் எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சமத்துவ நடைப்பயணம்

லியோன் நகரை அடுத்த வெனிசியூவில், 1983 ஜூன் மாதம், காவல்துறை நாயிடமிருந்து சிறுவன் ஒருவனைக் காக்க முயன்ற தூமி ஜைஜா என்னும் இளைஞர் காவலர் ஒருவரால் சுடப்பட்டுப் படுகாயமுற்றார். அவரும் நண்பர்களும் பழிவாங்க முனையவில்லை. கத்தோலிக்க அருட்தந்தை கிறிஸ்தியான் தெலோர்ம் துணைநிற்க, காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் அறவழியைத் தேர்ந்தனர். 15.10.1983 அன்று மார்செய் நகரில் சிறு குழுவாகத் தொடங்கிய நடைப்பயணம், 3.12.1983 அன்று பாரிசை அடைந்தபோது ஏறத்தாழ 1,00,000 பேர் திரண்டனர்.

சமத்துவமும் இனவெறி எதிர்ப்புமே பயணத்தின் முழக்கங்கள். சமயக் கோரிக்கை எதுவும் முன்வைக்கப்படவில்லை. எனினும் இதழ்கள் அரபு மரபினரைச் சுட்டும் ‘பெர்’ என்னும் சொல்லாலேயே அதனை அழைத்தன. குடிமக்களாக நடந்தவர்கள் இனத்தவராகவே காணப்பட்டமை நோக்கத்தக்கது. குடியரசுத் தலைவர் மித்தரான் அவர்களைச் சந்தித்தார். பத்தாண்டு வதிவிட அட்டை 1984இல் சட்டமாயிற்று. ஆனால் அயல்நாட்டினருக்கு உள்ளாட்சி வாக்குரிமை கிட்டவில்லை.

சமயமும் குடியுரிமையும்

அடுத்த கட்டத்தில் இளைஞருள் ஒரு சாரார் சமய அடையாளத்தை மறைக்காமலே நிகராக வாழ விழைந்தனர். 1987இல் லியோனில் முஸ்லிம் இளைஞர் ஒன்றியம் தோன்றியது. 1989இல் கிரேய் நகரப் பள்ளியொன்றில் முக்காடு அணிந்த மாணவியர் மூவர் விலக்கப்பட்டனர். சமயச் சின்னம் அணிதல் தன்னளவில் சமயச் சார்பின்மைக்கு முரணன்று என அரசு மன்றம் அவ்வாண்டே கருத்துரைத்தது. எனினும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான சமயச் சின்னங்களைத் தடைசெய்தது. அரசு நடுநிலை பேணல் என்னும் கொள்கை, மாணவர் மீதான கட்டுப்பாடாகவும் விரிந்தது.

முடிவுரை

இவ்விரு கட்டங்களும் வேறுபட்டவை போலத் தோன்றினும் அடிப்படை ஒன்றே எனலாம். முன்னவர் இன அடையாளத்தால் பிரிக்கப்படாத சமத்துவத்தை வேண்டினர். பின்னவர் அடையாளத்தைத் துறக்காத சமத்துவத்தை வேண்டினர். இரு சாராரும் புதியதொரு சமூகத்தைப் படைக்க முனையவில்லை; குடியரசு தானே அளித்த வாக்குறுதி தங்களுக்கும் பொருந்த வேண்டும் என்றே கேட்டனர். அக்கேள்வி இன்னும் முழுமையாக விடைபெறவில்லை.