ஒதுக்கிய இரும்பும் உறைபனிப் பாதையும்

சென்ற மார்கழியில், நம் குடியிருப்பின் எதிர் வரிசையில் வசிக்கும் நண்பர் ஒருவர் மனக்குறையோடு நம் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன், கபாடிவாலாவிடம் எடைக்கு வாங்கிய உதிரிகளைக் கொண்டு பழைய ஸ்கூட்டர் ஒன்றை உயிர்ப்பிக்க முயன்று கொண்டிருந்தான். கையெல்லாம் மசகு, பாடப் புத்தகமோ மூலையில். "சார், நீங்கள் சொன்னால் கேட்பான். இந்தக் காயலான் கடை வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

நாம் மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். கழிக்கப்பட்ட பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றுவது நமது அன்றாட அலுவல்களுள் ஒன்று. ஒரு பொருளின் எதிரே 'கண்டம்' என்று எழுதிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்பது அலுவலக வழக்கம். அறிவுரை கூறச் சென்ற நம்மைப் பையன் ஒரு கேள்வியால் மடக்கிவிட்டான். "பகலில் கிளம்புகிற வண்டி, விடியற்காலைக் குளிரில் எத்தனை உதைத்தாலும் கிளம்ப மறுக்கிறதே, ஏன் மாமா?" என்றான். அதற்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கிய நமக்கு ஒரு மனிதரின் வரலாறு கிடைத்தது. அதனையே இம்மலரில் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அவர் பெயர் சிட்னி ஆலார்டு. 1910ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். அந்நகரின் தென்மேற்குப் பகுதியில் அவர் குடும்பத்தார் ஃபோர்டு வண்டிகளை விற்றும் பழுது பார்த்தும் வந்தனர். ஆலார்டுக்கோ பந்தயத்தில் ஆசை. இங்கிலாந்தில் அந்நாளில் 'டிரையல்' என்றொரு வகைப் போட்டி செல்வாக்குப் பெற்றிருந்தது. குளிர்கால மழையில் சேறாகிப் போன செங்குத்தான மேடுகளில், இடையில் நில்லாமல் வண்டியை ஏற்றிவிட வேண்டும். வேகம் அங்கே இரண்டாம்பட்சம். சக்கரம் மண்ணைப் பற்றுவதும், இயந்திரம் மெல்லச் சுழலும்போதே வலிமை காட்டுவதுமே தேவை.

1936இல் விபத்தில் நொறுங்கிய ஃபோர்டு வி-8 வண்டி ஒன்று அவர் கைக்கு வந்தது. வி-8 என்பது எட்டு சிலிண்டர்களை நான்கு நான்காக இரு சாய்ந்த வரிசைகளில் அமைத்த இயந்திரம். ஃபோர்டு நிறுவனம் 1932இல் அதனைச் சாமானியர் வாங்கும் விலையில் வெளியிட்டிருந்தது. நொறுங்கிய வண்டியின் பாரமான கூட்டை ஆலார்டு அகற்றினார், புகழ்பெற்ற புகாட்டிப் பந்தய வண்டியின் வாற்பகுதியைப் பின்னே பொருத்தினார், ஸ்டீயரிங்கும் புகாட்டியினுடையதே. இயந்திரத்தைப் பின்னோக்கி நகர்த்தியதால் பாரம் பின்சக்கரங்களின்மேல் அமர்ந்தது. ஓட்டும் சக்கரத்தின்மேல் பாரம் இருந்தால்தானே அது சேற்றைப் பற்றும்? கண்டம் செய்யத்தக்க ஒன்றும், கழற்றி வைத்த ஒன்றும் சேர்ந்து அக்காலத்துச் சிறந்த சேற்றுவண்டிகளுள் ஒன்றாயின. கண்டவர்கள் தமக்கும் அதுபோல் வேண்டும் என்றனர். போருக்கு முன் பன்னிரண்டு வண்டிகள் அளவில் உருவாயின.

இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய பட்டறை இராணுவ வண்டிகளைச் செப்பனிட்டது. போர் முடிந்த 1945இல் ஆலார்டு மோட்டார் கம்பெனி தோன்றிற்று. நாடெங்கும் எஃகுப் பஞ்சம். புதிதாக இயந்திரம் வார்க்கப் பொருளும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே ஃபோர்டு உதிரிகளே அந்நிறுவனத்துக்கு உணவாயின. தமது சொந்தப் பந்தய வண்டிக்கு ஆலார்டு தேர்ந்ததோ இன்னும் வியப்பானது. பகைவரான ஜெர்மானியரின் போர் வண்டிகளுக்கென ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் செய்த, நீருக்குப் பதில் காற்றினால் குளிரும் வி-8 இயந்திரம் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். அதைப் பூட்டிய வண்டியிலேயே 1949ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மலையேற்றப் பந்தயச் சாம்பியன் பட்டத்தை வென்றார். போர்க்கள இரும்பு விளையாட்டுக்களத்துக்கு வந்துவிட்டது!

அதே காலத்தில் அவர் ஜே-2 என்ற திறந்த விளையாட்டு வண்டியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தார். அவற்றுள் பல, இயந்திரம் இன்றியே கப்பலேறின. இறக்குமதி செய்தவர்கள் அங்கே கிடைத்த கேடிலாக், கிறைஸ்லர் முதலிய பெரிய இயந்திரங்களைத் தாமே பூட்டிக்கொண்டனர். இங்கிலாந்தின் எலும்புக்கூட்டில் அமெரிக்க இதயம் துடித்தது. பின்னாளில் பெரும்புகழ் எய்திய கேரல் ஷெல்பி என்னும் பந்தய வீரர் தம் தொடக்க காலத்தில் ஓட்டியவற்றுள் இத்தகைய வண்டியும் ஒன்று. 1950இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், கேடிலாக் பூட்டிய ஜே-2இல் டாம் கோல் என்பவருடன் சென்ற ஆலார்டு மூன்றாம் இடம் பெற்றார். இடையே கீழ்நிலைக் கியர்கள் பழுதாகி, மேல்நிலைக் கியர் ஒன்றையே நம்பி ஓட்ட நேர்ந்தும் பெற்ற இடம் அது.

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். குளிர் ஓர் இயந்திரத்தை நான்கு முனைகளில் தாக்குகிறது. முதலாவது, பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் தீப்பொறியைப் பற்றாது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டவே 'சோக்' இழுக்கிறோம். இரண்டாவது, எண்ணெய் கெட்டியாகி உள்ளுறுப்புகளை இறுகப் பிடிக்கும். ஆதலால் குளிர்காலத்துக்கு இளகிய எண்ணெய் வேண்டும். மூன்றாவது, பாட்டரி சோர்ந்துவிடும். உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிறது. நான்காவதே கொடியது. 11 பங்கு நீர் உறைந்தால் 12 பங்கு இடத்தை அடைக்கும். அந்த விரிவைத் தாங்காமல் வார்ப்பிரும்பே விண்டுவிடும். ரேடியேட்டர் நீரில் கிளைக்கால் என்ற திரவத்தைச் சரிபாதி கலந்தால், சுமார் 37 பாகை கீழே இறங்கும் வரை அது உறையாது. இவற்றோடு, ரேடியேட்டரின் முன் திரை, சக்கரத்துக்குச் சங்கிலி, பனியை அள்ள மண்வெட்டி, மூடுபனிக்குத் தனி விளக்கு ஆகியவை அக்காலத்துக் குளிர்காலப் பந்தயக்காரரின் ஆயத்தங்களாக இருந்தன. நம் ஊர்க் குளிரில் நீர் உறையும் அச்சம் குறைவு; முதல் மூன்றும் நம் ஸ்கூட்டருக்கும் பொருந்தும்.

அக்குளிர்காலப் பந்தயங்களுள் தலையாயது மான்டே கார்லோ ராலி. மோனாக்கோ நாட்டுக்குக் குளிர்காலத்தில் விருந்தினரை ஈர்க்கும் பொருட்டு 1911இல் அது தொடங்கப்பட்டது. போட்டியாளர்கள் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து புறப்பட்டு, இரவும் பகலுமாகப் பல நாள் ஓட்டி, குறித்த நேரத்தில் குறித்த இடங்களைத் தொட்டு மோனாக்கோவை அடைய வேண்டும். 1952 ஜனவரியில் ஆலார்டு, வார்பர்ட்டன், லஷ் என்ற இரு துணைவரோடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பினார். வண்டி அவர் பட்டறையில் உருவான பி-1. உள்ளே துடித்ததோ ஃபோர்டு வழிவந்த பழைய பாணி வி-8. அவ்வாண்டு பிரான்சின் மலைப்பாதைகளில் பனி மிகக் கடுமையாகப் பொழிந்தது. வண்டிகள் பல வழியிலேயே தங்கிவிட்டன. கடைசிச் சோதனையும் மோனாக்கோவுக்குப் பின்னுள்ள உறைபனி வளைவுகளில் அமைந்தது. இளம் வீரர் ஸ்டிர்லிங் மாஸ், பெரிய நிறுவனம் ஒன்றின் வண்டியில் வந்தும், மிகச் சிறு வேறுபாட்டில் இரண்டாம் இடமே பெற்றார். முதலிடம் ஆலார்டுக்கு. தம் பெயர் தாங்கிய வண்டியைத் தாமே ஓட்டி அப்பந்தயத்தை வென்றவர் அவர் ஒருவரே. சேற்று மேடுகளில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பயின்ற கைகளுக்குப் பனி புதிதாக இல்லை போலும்.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் பையனின் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருப்போம். அது அவ்வாறு முடியவில்லை. 1948இலேயே ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்-கே 120 என்ற வண்டியை வெளியிட்டிருந்தது. அதன் இயந்திரம் அந்நிறுவனத்துப் பொறியாளர்கள் தாமே கணக்கிட்டு, தாமே வரைந்து உண்டாக்கியது. அவ்வண்டி 12,000க்கு மேல் விற்றது. ஆலார்டு நிறுவனம் தன் வாழ்நாள் முழுவதும் செய்த வண்டிகளோ சுமார் 1,900. பிறர் வார்த்த இதயத்தை வாங்கிப் பூட்டும் சிறு பட்டறை, தன் இதயத்தைத் தானே வரைந்துகொள்ளும் தொழிற்சாலைக்கு விலையிலும் ஈடுகொடுக்க இயலவில்லை. 1950களின் இறுதிக்குள் வண்டி உற்பத்தி ஓய்ந்தது. 1966 ஏப்ரலில் தமது 55ஆம் வயதில் ஆலார்டு மறைந்தார்.

இவ்வரலாற்றைத் தந்தை, மகன் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னோம். மகனிடம், "ஒதுக்கியதைச் சேர்க்கத் தெரிந்துகொண்டாய், மகிழ்ச்சி. புதியதை வரைய வேண்டுமானால் கணக்கும் பௌதிகமும் வேண்டும். அவை உன் மூலையில் கிடக்கும் புத்தகத்தில்தான் இருக்கின்றன" என்றோம். தந்தையிடம், "மசகு படிந்த கை இழிந்த கை அன்று. தேர்வுத்தாளில் மட்டும் இயந்திரத்தைக் கண்டவனைவிட, குளிரில் உதைத்துப் பார்த்தவன் அதை நன்கு அறிவான்" என்றோம். இருவரும் முழு மனத்தோடு இசைந்தனர் என்று சொல்லமாட்டோம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டருக்கு, மற்ற மாலைகள் பாடத்துக்கு என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

பொங்கலுக்கு முந்திய நாள் விடியற்காலை, மூடுபனிக்கு இடையே அந்த ஸ்கூட்டர் ஏழாம் உதையில் கிளம்பிற்று. அதன் ஓசையில் குடியிருப்பே விழித்தது. முதலில் வெளியே வந்து நின்றவர் பையனின் தந்தைதான்.

தாய்நாட்டை விட்டு வந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் கொண்டு இல்லறம் அமைத்தவர்கள் நாம். ஒதுக்கியதைப் பொருத்தி வாழ்வது நமக்குப் புதிதன்று. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது என்பர் நம் பெரியோர். அந்த நிறத்தைக் காணும் கண்ணை நம் பிள்ளைகள் இழக்கலாகாது; அதனோடு, புதியதை ஆக்கும் கல்வியையும் அவர்கள் பெற வேண்டும். பதிவேட்டில் 'கண்டம்' என்று எழுதுமுன் இப்போதெல்லாம் நாம் ஒரு கணம் பேனாவை நிறுத்துகின்றோம்.