அஞ்சாவது மாசம்... கிரிவலம் போகலாமா?

பௌர்ணமி வந்தாலே ரமணாசிரமம் பக்கம் இருக்கிற கர்ப்பிணிகளுக்கு இந்தக் கேள்வி வந்துடும். முதல்ல ஸ்கேன், அப்புறம்தான் கிரிவலம்!

18-20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு எல்லாம் பார்ப்பாங்க. (ஆணா, பெண்ணானு கேட்காதீங்க, சொல்றது சட்டப்படி குற்றம்.) நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கானும் இதில் தெரியும். மூடியிருந்தா ரத்தப்போக்கு வரலாம், நீண்ட நடை வேண்டாம். பெரும்பாலானவங்களுக்குப் போகப்போக அது மேலே ஏறிடும்.

20-வது வாரத்தில் குழந்தை சுமார் 25 செ.மீ. நீளம், 300 கிராம் எடை இருக்கும். மீன் துள்ளுற மாதிரி அசைவு தெரியும். தலைப்பிரசவம்னா கொஞ்சம் தாமதமாகலாம். உங்களுக்கு மசக்கை குறைஞ்சு பசி கூடும். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் டீயோட போடாதீங்க.

டாக்டர் ஓகே சொன்னாலும், பௌர்ணமிக் கூட்டத்தில் 14 கி.மீ. வேணாமே! கூட்டமில்லாத காலையில கொஞ்ச தூரம் நடந்துட்டுத் திரும்பிடுங்க. ரத்தமோ நீரோ கசிஞ்சா உடனே 108.